சோப்பு அச்சைக் காட்டிக்கொடுத்தவன்

எடை மேடைக்காரர் தன் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற ஆள். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பார். மருந்து வாங்கினால் அட்டையில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரன் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். யாராவது சும்மா சிரித்துவிட்டால் தீர்ந்தது கதை. "இவன் எதுக்கு நம்மளப் பார்த்துப் பல்லைக் காட்டறான்?" என்று வீடு வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டே வருவார்.

பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மணலோ ஜல்லியோ பழைய இரும்போ, லாரி வந்து இரும்புத் தட்டின்மேல் ஏறி நிற்கும். இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பார். பார்ப்பதற்கு முன்னால் எழுந்துபோய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சரக்கோடு நிறுக்கும்போது கிளீனர் சீட்டுக்கு அடியில் மூட்டை மாதிரிச் சுருண்டு கிடப்பான். வெறும் வண்டியை நிறுக்கும்போது அதே கிளீனர் இறங்கி ஓரமாக நின்று காது குடைந்துகொண்டிருப்பான். ஆளின் எடையும் மணலின் கணக்கில் போய்விடும். இந்த மாதிரித் தில்லுமுல்லு எல்லாம் இவரிடம் பலிக்காது. "எறங்குடா, ஒட்டுப்புல்லு!" என்று சத்தம் போட்டு, கிளீனரின் காதைப் பிடிக்காத குறையாக இறக்கிவிடுவார். டிரைவர்கள் இவரைத் திட்டிக்கொண்டே இவரிடம்தான் வருவார்கள். வாங்குகிறவன் இவர் சீட்டைத்தான் ஏற்றுக்கொள்வான்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தது.

வந்தது மனைவியின் அண்ணன் வீட்டிலிருந்து. மூத்த மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையை வைத்துவிட்டுப் போனவள் அண்ணன் மனைவி. மச்சான் வரவில்லை. வரமாட்டார். மகள் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு தெருதான். ஆனாலும் தண்ணீர் லாரியின் பின்னால் வரிசையில் நிற்கும்போது அண்ணனைத் தூரத்தில் பார்த்தால் மனைவி தலையைக் குனிந்துகொள்வாள். புருஷன் சொல் அப்படி.

"அண்ணன் பையன் கல்யாணங்க. பொறந்தப்ப மொதல்ல தூக்கினது நான்தான்," என்றாள் அவள்.

"தூக்கினே, சரி. இப்ப அவனே உன்னைத் தூக்கற அளவுக்கு வளர்ந்துட்டான். பேசாம இரு."

"ஒரு வாய் சோறு தின்னுட்டு வந்துடறேன்."

"காட்டிக்கொடுத்தவன் வீட்டுச் சோறு தொண்டையில எறங்குமா உனக்கு?"

அவள் பத்திரிகையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அடுத்த மாசம் முதல் ஞாயிறு. போவதா வேண்டாமா என்பதை இவர் வாய்தான் சொல்லவேண்டும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சாப்பாடு போடும்போது தட்டு தரையில் விழுகிற சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

காட்டிக்கொடுத்த கதை இதுதான். எடைக்காரரும் மச்சானும் முன்பு சோப்புக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரு வருஷம் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. முதலாளி வெளியாட்களை வைத்துச் சோப்புப் போடப் பார்த்தார். அதைத் தடுக்க ஒரு ராத்திரி சங்கத்து ஆட்கள் பித்தளை அச்சுகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சோப்பில் கம்பெனிப் பெயர் பதிகிற அச்சு. பெயர் இல்லாத சோப்பை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? மூடிக்கிடந்த சலவைக்கூடத்தின் காய்ந்த தொட்டிக்குள் அச்சுகளை மறைத்து, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடினார்கள். இடம் தெரிந்தவர்கள் நாலே பேர்: சங்கத் தலைவர், கொதிகலன் பார்த்தவர், மச்சான், எடைக்காரர். ராத்திரிக் காவலுக்கும் அவர்களுக்குள்ளேயே முறை போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் விடிகிற நேரம் முதலாளியின் ஆட்கள் நேராகத் தொட்டிக்குப் போனார்கள். வேறெங்கும் தேடவில்லை. அச்சு போயிற்று, வேலைநிறுத்தமும் போயிற்று. எடைக்காரர் உட்படப் பலபேரைத் திரும்பச் சேர்க்கவில்லை. மச்சானைச் சேர்த்தார்கள். சேர்த்ததோடு சூப்பர்வைசராகவும் ஆக்கினார்கள்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பூனை மூக்கில் பால் ஒட்டியிருந்தால் பானையைப் போய்க் கேட்கவேண்டுமா? எடைக்காரர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். தலைவர் செத்துப்போனார். கொதிகலன்காரர் மகனோடு கடல் தாண்டிப் போய்விட்டார். தீர்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பத்திரிகை வந்த வாரத்திலேயே ஒன்பதாவது படிக்கிற மகள் மூன்று பேனாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சோப்புக் கம்பெனி கதையைச் சொல்லுங்க. வரலாறு டீச்சர் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"எந்தக் கதை?" எடைக்காரரின் காது விறைத்தது.

"நம்ம தெருவுல, நாங்க பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது ஏதாவது ஒண்ணு. மூணு பேர்கிட்டயாவது கேக்கணும். கண்ணால பார்த்ததுன்னா நீல மை. யாரோ சொல்லிக் கேட்டதுன்னா பச்சை. அவங்களா நெனச்சுக்கிட்டதுன்னா சிவப்பு."

வரலாறு என்றால் எடைக்காரருக்குத் தெரிந்தது ராஜாக்கள். எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான் என்று தெரியாததற்கு முட்டிபோட்டிருக்கிறார். அந்த ராஜா ஆறாவதோடு இவரைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டிவிட்டான். அதில் சோப்பு எங்கே வந்தது? மை எங்கே வந்தது? மூடிக்கிடக்கிற கம்பெனி நிலத்தை விற்கப்போகிறார்கள் என்று ஊரில் வேறு பேச்சு அடிபட்டுக்கொண்டிருக்கிறது. இந்த டீச்சரம்மா வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. பழசைத் தோண்டச்சொல்லி யார் இவளை அனுப்பியது?

இருந்தாலும் மச்சானின் யோக்கியதை நாலு பேருக்குத் தெரியட்டும் என்று ஒரு ஆசை உள்ளே எட்டிப்பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"உன் மாமன்தான் போட்டுக்கொடுத்தான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? சூப்பர்வைசர் ஆனானே!"

சிவப்புப் பேனா எழுதியது.

"மொதலாளியோட கார்ல அவன் ஏறிப்போனதை டீக்கடைக்காரர் பார்த்தாரு."

"உங்ககிட்ட அவரே சொன்னாரா?"

"சொன்னாரு. காரு மாதிரி இருந்துச்சுன்னாரு. மாமன் மாதிரி இருந்துச்சுன்னாரு."

பச்சை எழுதியது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'மாதிரி' இரண்டையும் அடிக்கோடிட்டது.

"அந்த வாரம் பூரா என் கண்ணைப் பார்த்து அவன் பேசவே இல்லை. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்."

"கண்ணைப் பார்க்காதது நீலம். குறுகுறுத்தது சிவப்பு."

இப்படியே போயிற்று. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். பக்கம் பூராவும் அம்மை போட்ட உடம்பு மாதிரி சிவந்துகிடந்தது. கடைசியில் மகள் பேனாவை உதறினாள். "சிவப்பு தீர்ந்துபோச்சுப்பா. வேற வாங்கணும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எடைக்காரர் அதையும் கவனித்தார்.

மறுநாள் மத்தியானம் மேடையைக் கூட இருந்தவனிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆசிரியர் அறையில் விசிறி கிரீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. வரலாறு டீச்சர் கனத்த உடம்புக்காரி. சளிப் பிடித்து, மூக்கைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். இவர் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டாள். சண்டை போட வருகிற தகப்பன்மார்களை அவள் முன்பே பார்த்தவள்.

"என் பொண்ணை எதுக்கு வீடுவீடா அனுப்பறீங்க? யாருக்கு வேணும் இந்தத் தகவல்?"

"எனக்குத்தான். மார்க் போடணுமே."

"கம்பெனிக்காரங்க யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

அவள் தும்மினாள். தும்மிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கம்பெனி?"

நடிக்கிறாளா, இல்லை நிஜமாகவே தெரியாதா என்று எடைக்காரருக்குப் பிடிபடவில்லை. லாரி டிரைவர் முகம் என்றால் படித்துவிடுவார். சளிப் பிடித்த முகத்தை எப்படிப் படிப்பது?

"வரலாறுன்னா யார் நல்லவன், யார் கெட்டவன்னு சொல்லிக்கொடுக்கணும். அதை விட்டுட்டு, அப்பன் பேசினா 'பார்த்தீங்களா'ன்னு கேக்கச் சொல்லிக்கொடுக்கறீங்க."

"யார் நல்லவன்னு சொல்லிக்கொடுக்க ஊர்ல ஆளா இல்லை? மூலைக்கு ஒருத்தர் இருக்காங்க. வருஷம், தேதி, சண்டை எல்லாம் புத்தகத்துல கெடக்கு. மறந்தா எடுத்துப் பார்த்துக்கலாம். யாராவது ஒண்ணு சொன்னா 'உனக்கு எப்படித் தெரியும்'னு கேக்கத் தெரியணும். அதை எடுத்துப் பார்த்துக்க முடியாது. பழகணும்."

"அதைத்தாம்மா நான் தெனமும் பண்றேன். ஒருத்தனையும் நம்பறது கெடையாது."

"அப்படியா? உங்களை?"

"என்னை என்ன?"

"உங்களை நம்பறீங்களா?"

இது என்ன கேள்வி என்று அவருக்கு விளங்கவில்லை. தன்னைத்தான் நம்பாமல் வேறு எவனை நம்புவது? கிறுக்குப் பொம்பளை என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். யாருக்கும் போன் போடவில்லை. அதுகூட ஒரு நடிப்பாக இருக்கலாம்.

டீக்கடைக்காரரிடமும் அம்மாவிடமும் மகள் கேட்டு எழுதிவிட்டாள். மாமனிடம் போகக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. சனிக்கிழமை சாயங்காலம் "சிநேகிதி வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினாள். சிநேகிதி வீட்டுக்குப் போகிறவள் எதற்கு மூன்று பேனாவை எடுத்துக்கொள்கிறாள்? எடைக்காரர் சைக்கிளை எடுத்தார். பெற்ற பெண்ணின் பின்னால் திருடனைப் பிடிக்கப்போகிற மாதிரி, முக்குக்கு முக்கு நின்று எட்டிப்பார்த்துக்கொண்டே போனார். நாலாவது தெருவில் அவள் மாமன் வீட்டுப் பச்சைக் கதவைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றார். அங்கிருந்த நாய் இவரைச் சந்தேகப்பட்டுக் குரைத்தது. வேறு வழியில்லாமல் சைக்கிளைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

கூடத்தில் கல்யாணச் சாமான்கள் குவிந்துகிடந்தன. வாடகைப் பாத்திரங்கள், சுருட்டிய ஜமக்காளங்கள். நடுவில் நாற்காலியில் மச்சான். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரில் மகள் நோட்டை விரித்து வைத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் பேனா கையிலிருந்து நழுவியது.

"வாங்க மாப்ளே," என்றார் மச்சான். இத்தனை வருஷம் கழித்து வந்தவனைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரியே இல்லை. "உட்காருங்க. பாத்திரத்தைத் தள்ளிட்டு உட்காருங்க."

"உட்கார வரலை. இவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"கூட்டிட்டுப் போங்க. பாதி கேட்டுட்டா. மீதியை நீங்களே சொல்லிடுங்க."

மகள் எழுந்திருக்கவில்லை. பயந்த குரலில், ஆனால் விடாமல் கேட்டாள். "மாமா, கம்பெனியில உங்களை மட்டும் ஏன் சேர்த்தாங்க?"

"அச்சைத் திரும்ப மாட்ட ஆள் இல்லைம்மா. ஒரு மயிரிழை விலகினா எழுத்து கோணிக்கும். அந்த வேலை எனக்குத்தான் தெரியும். கூப்பிட்டாங்க. வீட்டுல ரெண்டு குழந்தை பசியில கெடந்துது. போனேன். சங்கத்துக்குச் செஞ்சது தப்புதான். அந்தத் தப்பை வேணா எழுதிக்க, நீலத்துலயே எழுதிக்க. ஆனா நான் யாரையும் காட்டிக்கொடுக்கலை."

"சொல்லுவே," என்றார் எடைக்காரர்.

"நம்ப மாட்டீங்கன்னு தெரியும். அதான் இத்தனை நாளாச் சொல்லலை."

"அன்னைக்கு ராத்திரி தொட்டிக்கு யார் காவல் மாமா?" மகள் கேட்டாள்.

மச்சான் காலடியில் கிடந்த ஜமக்காளத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"சொல்லுங்க மாமா."

"உங்க அப்பன் முறை."

எடைக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "எனக்குக் காய்ச்சல்! உடம்பு கொதிச்சுது. வீட்டுல படுத்துட்டேன்."

"அப்படித்தான் நீங்க சொன்னீங்க. காவல்காரன் வரலை, அன்னைக்கே அவங்க வந்தாங்க. கணக்கு எனக்கும் போடத் தெரியும் மாப்ளே. இத்தனை வருஷமா நீங்கதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். தங்கச்சி புருஷனாச்சேன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். நீங்க ஊர் பூரா என் பேரைச் சொன்னப்ப, திருடனே திருடன் திருடன்னு கத்தறான்னு நெனச்சேன்."

"என் மேலயா? என் மேலயா சந்தேகம்?"

ஊரில் எல்லாரையும் தராசில் ஏற்றிப் பார்த்த மனுஷனுக்கு, தன்னை ஒருவன் ஏற்றி நிறுத்திருப்பான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கோபம் வந்தது. கையை ஓங்கக்கூடத் தோன்றியது. ஆனால் எதை வைத்து மறுப்பது? காய்ச்சல் அடித்ததற்குச் சாட்சி மனைவி ஒருத்திதான். அவள் அந்த வீட்டில் பிறந்தவள்தான். ஆனாலும் புருஷனுக்காகப் பொய் சொல்கிறாள் என்று மச்சான் சொன்னால், அதற்கும் இவரிடம் பதில் கிடையாது.

"நீங்க காவலுக்குப் போகலைன்னு யாருக்கெல்லாம் தெரியும்பா?" மகள் பச்சைப் பேனாவைத் தேடி எடுத்தாள்.

"யாருக்குத் தெரியும்... டீக்கடையில சொன்னேன். சுக்குப் போட்டு ஒண்ணு குடு, இன்னைக்கு எங்கயும் போகலை, படுக்கப்போறேன்னு சொன்னேன். கடை நெறைய ஆளுங்க."

"எந்த எந்த ஆளு?"

"யாரு ஞாபகம் வெச்சிருக்கா!"

மச்சான் நாற்காலியில் நிமிர்ந்தார். "டீக்கடையிலயா சொன்னீங்க? வாய் இருக்கா, ஓட்டை இருக்கா உங்களுக்கு?"

"காய்ச்சல்காரன் டீக்கடையில என்ன சொல்லுவான்?"

"அந்தக் கடைக்காரன்தான் மாப்ளே, நீங்க கம்பெனி வாசல்ல நின்னதைப் பார்த்தேன்னு என்கிட்ட சொன்னான்."

"என்கிட்ட உன்னைக் கார்ல பார்த்தேன்னான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. "அப்ப அவன்தான்..."

"இருங்க, இருங்க," என்று மகள் கையைக் காட்டினாள். "அவரைப் பத்தி என்ன தெரியும்? இடம் அவருக்குத் தெரியவே தெரியாதே. சொல்லுங்க, எந்த மையில எழுதட்டும்?"

மச்சானின் மனைவி சொம்பை எடைக்காரர் கையில் திணித்தாள். அவர் குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் எந்த வீட்டுத் தண்ணீர் என்று ஞாபகம் வந்தது.

யார் காட்டிக்கொடுத்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. மகளும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தாள். "தெரியலைன்னு எழுதவா இத்தனை அலைச்சல்?" என்று எடைக்காரர் இரண்டு நாள் புலம்பினார். போலீஸ்காரன் இப்படி எழுதினால் வேலை போய்விடும். வரலாற்றுக்காரர்களுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் நோட்டு திருத்தி வந்தது. மார்க் நன்றாகத்தான் போட்டிருந்தாள் டீச்சர். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வட்டம் போட்டுக் குறைத்திருந்தாள். எடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசிப் பக்கத்தில் மகள் நீல மையில் எழுதியிருந்தாள்: 'என் அப்பா காட்டிக்கொடுக்கவில்லை.' பக்கத்தில் டீச்சர் கேட்டிருந்தாள்: 'உனக்கு எப்படித் தெரியும்? நீ பிறக்கவே இல்லையே. இது சிவப்பு.'

சுருக்கென்று தைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விடலாம் என்று எழுந்தார். நானா, நானா காட்டிக்கொடுத்தேன்? யாரிடம் போய்ச் சொல்வது? என்னத்தைக் காட்டுவது? செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். நின்றவர் நின்றபடியே இருந்தார். நாலு தெரு தாண்டி ஒருத்தன் இத்தனை வருஷம் இதே மாதிரித்தான் வாசலில் நின்றிருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்புதான். பார்த்தது கிடையாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மனைவி தரையில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போயிட்டு வா," என்றார்.

அவள் கை நின்றது. உடனே நிமிர்ந்து பார்த்தால் சொன்னதை வாபஸ் வாங்கிவிடுவாரோ என்று கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க?"

"எனக்கு இன்னும் சந்தேகம் தீரலை. உன் அண்ணனுக்கும் என் மேல தீர்ந்திருக்காது."

"தீரவேண்டாம்," என்றாள் அவள், அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து மடிப்புக் கலையாமல் தனியாக வைத்தபடி. "சந்தேகத்தையும் கூடவே கூட்டிட்டு வாங்க. அதுக்கும் சேர்த்துச் சோறு போடுவாங்க."